நூற்றில் ஒரு பங்கு வினாடி

விளையாட்டு உடலுக்கு உரம் ஊட்டுவது; உள்ளத்துக்கு ஒழுங்கு கற்பிப்பது. இதை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். திடலில் எறிபந்தும் கபடியும் ஆடும்போது ஓரளவு உணர்ந்தும் இருக்கிறோம். ஆனால் வெற்றியும் தோல்வியும் எவ்வளவு சிறிய இடத்தில் பிரிகின்றன என்பதை நம் திடல் நமக்குக் காட்டுவதில்லை. அதைக் காண நீச்சல் குளத்துக்குத்தான் போக வேண்டும்.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தென் கொரியத் தலைநகரான சியோலில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில், ஆடவருக்கான 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டி நடைபெற்றது. எட்டு வீரர்கள் குளத்தில் பாய்ந்தனர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போட்டி முடிந்துவிட்டது. முதலாமவர் எடுத்துக்கொண்ட நேரம் 53.00 வினாடி. இரண்டாமவர் எடுத்துக்கொண்டது 53.01 வினாடி. இருவருக்கும் இடையே இருந்தது ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அப்படிப்பட்ட பங்குகள் பத்துக்கு மேல் கடந்துவிடும்.

அவ்வளவு சிறிய நேரத்தில் என்னதான் நடந்தது? அதை யார், எப்படி அளந்தார்கள்? அது வெறும் அதிர்ஷ்டமா, அல்லது உழைப்பின் பயனா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

பட்டாம்பூச்சி நீச்சல் என்பது யாது?

நீச்சல் போட்டிகளில் நான்கு முறைகள் உண்டு. ஒரு கையை அடுத்து மறு கையை வீசி விரைந்து செல்லும் முறையே பெரும்பாலோர் 'ஃப்ரீ ஸ்டைல்' போட்டிகளில் நீந்தும் முறை. மல்லாந்து நீந்துவது இன்னொன்று. தவளையைப் போல் கைகால்களை விரித்து மடக்கி நீந்துவது மார்பு நீச்சல். நான்காவது பட்டாம்பூச்சி நீச்சல்.

இம்முறையில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீருக்கு மேலே எழுந்து, பூச்சியின் இறக்கைகள் போல விரிந்து, முன்னே விழவேண்டும். விழுந்த கைகள் நீருக்குள் ஒன்றாகவே பின்னோக்கித் தள்ளவேண்டும். கால்கள் இரண்டும் சேர்ந்தே, ஒரு மீனின் வால் போல, மேலும் கீழும் அடிக்கவேண்டும். கைகள் ஒருமுறை சுற்றி வருவதற்குள் கால்கள் இருமுறை அடிப்பது வழக்கம். கைகள் நீரில் விழும்போது ஓர் அடி. கைகள் நீரைத் தள்ளி முடிக்கும்போது மற்றோர் அடி. பார்ப்பதற்கு அழகான நீச்சல். நீந்துபவருக்கோ தோளும் முதுகும் வயிறும் ஒருசேர நோகும் நீச்சல்.

இம்முறை நால்வகையில் இளையது. 1930களில் அமெரிக்க நீச்சல் வீரர்கள் மார்பு நீச்சல் போட்டிகளில் ஒரு தந்திரத்தைக் கண்டார்கள். கைகளை நீருக்குள்ளேயே முன்னே கொண்டுவர வேண்டும் என்று விதி இல்லை; ஆகவே நீருக்கு மேலே கொண்டுவந்தால் தடை குறைகிறது, வேகம் கூடுகிறது. அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேவிட் ஆம்புரூஸ்டரும் அவருடைய மாணவர் ஜாக் சீக்கும் இந்தக் கைவீச்சுடன் மீன்வால் போன்ற காலடியைச் சேர்த்துப் பார்த்தனர். பழைய மார்பு நீச்சல் வீரர்கள் இதனால் பின்தங்கிப் போகவே, 1952இல் பன்னாட்டு நீச்சல் கழகம் பட்டாம்பூச்சியைத் தனி நீச்சலாகப் பிரித்தது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம் பெற்றது. அங்கே பெண்களுக்கு 100 மீட்டர் போட்டியும் ஆண்களுக்கு 200 மீட்டர் போட்டியும் நடந்தன. ஆண்களின் 100 மீட்டர் பட்டாம்பூச்சி 1968இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இந்தப் போட்டியில் பெண்கள் ஆண்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர்கள் என்பது தோழியர் நினைவில் வைக்கத்தக்கது.

சுவர் அருகே வரும் சிக்கல்

ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். ஆகவே 100 மீட்டர் போட்டியில் ஒருமுறை சென்று, திரும்பி வந்து, புறப்பட்ட சுவரைத் தொடவேண்டும். பட்டாம்பூச்சி நீச்சலில் ஒரு கையால் எட்டித் தொட்டால் செல்லாது. திரும்பும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடவேண்டும் என்பது விதி.

இந்த விதியில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. ஃப்ரீ ஸ்டைல் வீரருக்கு ஏதாவது ஒரு கை எப்போதும் முன்னே வந்துகொண்டே இருக்கும்; சுவர் நெருங்கியதும் அந்தக் கையை நீட்டிவிடலாம். பட்டாம்பூச்சி வீரருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே இருக்கும், அல்லது ஒன்றாகப் பின்னே இருக்கும். ஒரு முழுக் கைவீச்சுக்கு ஏறத்தாழ ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகிறது; அதற்குள் உடல் சுமார் இரண்டு மீட்டர் முன்னேறுகிறது. கைகள் முன்னே நீண்டிருக்கும் தருணமும் சுவர் வந்து சேரும் தருணமும் பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

எடுத்துக்காட்டாக, கைகள் முன்னே விழுந்துவிட்டன. சுவரோ இன்னும் முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். வீரருக்கு இரண்டு வழிகள் உண்டு. கைகளை நீட்டியபடியே, காலை மட்டும் அடித்து, வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரைத் தொடலாம். ஆனால் கைகள் தள்ளாதபோது நீர் உடலைப் பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு சாணுக்கும் வேகம் குறைகிறது. இல்லையென்றால் இன்னொரு வீச்சைக் குறுகலாக, மின்னல் வேகத்தில் போட்டு, கைகளை மறுபடியும் முன்னே எறிந்து சுவரில் இடிக்கலாம். ஆனால் கைகள் சுற்றி வருவதற்குள் சுவர் மிக அருகில் வந்துவிட்டால், அந்த வீச்சே தடையாகிவிடும். எது சரி என்று யோசிக்க நேரம் இல்லை. மூச்சு முட்டும் அந்தக் கடைசி நேரத்தில், முகம் நீருக்குள் இருக்கும்போது, கை தானாகவே முடிவு செய்யவேண்டும்.

குளத்தின் அடியில் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். அது சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பாக ஒரு குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். அந்தக் குறுக்குக் கோட்டைக் கண்டதும் எத்தனை வீச்சு மீதி என்று வீரர்கள் அறிவார்கள். பயிற்சியில் வீச்சுகளை எண்ணி எண்ணி நீந்துவது இதற்காகத்தான்.

சியோலில் நடந்தது

சியோலில் எல்லார் கண்ணும் அமெரிக்காவின் மாட் பியோண்டி மீது இருந்தது. உயரம் 6 அடி 7 அங்குலம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கப் பதக்கங்கள் வென்றதைப் போல இவரும் ஏழு வெல்வாரா என்பதே பத்திரிகைகளின் பேச்சு. அவர் கலந்துகொண்ட முதற்போட்டியாகிய 200 மீட்டர் ஃப்ரீ ஸ்டைலில் வெண்கலமே கிடைத்திருந்தது. ஆகவே பட்டாம்பூச்சியில் தங்கம் வெல்லும் ஆவல் அவருக்கு மிகுதி.

அவரோடு பாய்ந்தவர்களில் ஒருவர் அந்தோணி நெஸ்டி. வயது 20. உயரம் ஆறு அடிக்கும் குறைவு. அவர் பிறந்தது டிரினிடாடில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சுரினாமுக்குக் குடியேறியது. சுரினாம் என்ற பெயரையே அன்று பலர் கேட்டிருக்கமாட்டார்கள். தென் அமெரிக்காவின் வட கரையில் உள்ள அந்தச் சிறிய நாடு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்து 1975இல் விடுதலை பெற்றது. 1873 முதல் கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அந்த நாட்டில் அன்று 50 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளம் ஒன்றே ஒன்றுதான்.

நெஸ்டிக்கு ஐந்து வயதிலேயே தந்தை நீச்சல் பழக்கினார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பதினாறு வயதுச் சிறுவனாகக் கலந்துகொண்டு 21ஆம் இடம் பெற்றார். உள்நாட்டில் போதிய வசதி இல்லாததால், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் உள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டு அங்கே பயின்றார். 1987இல் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளில் இதே 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் தங்கம் வென்றார். ஆயினும் சியோலில் அவரைப் பெரிதாக மதித்தவர்கள் சிலரே.

இன்னொரு தடையும் இருந்தது; அது நீரில் இல்லை, மனிதர் மனத்தில் இருந்தது. கறுப்பு இனத்தவரின் உடல் நீரில் மிதப்பதற்கு ஏற்றதன்று என்று அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே 1987இல் ஒரு விளையாட்டு நிர்வாகி கூறினார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, நம்பியே சொன்னார். உண்மையில் பல ஊர்களில் கறுப்பு இனத்தவரைப் பொதுக் குளங்களில் இறங்கவே விடாத காலம் ஒன்று இருந்தது. குளத்தில் இறங்கத் தடை விதித்துவிட்டு, பின்பு நீந்தத் தெரியாது என்று குறை சொல்வது எவ்வகை நீதி? நெஸ்டி கறுப்பு இனத்தவர்.

போட்டி தொடங்கியது. பியோண்டி முந்தினார். 50 மீட்டரில் அவரே முதலில் திரும்பினார். திரும்பி வரும்போதும் அவரே முன்னணியில் இருந்தார். கடைசிச் சில மீட்டரில் நெஸ்டி மெல்ல மெல்ல நெருங்கினார். ஆயினும் சுவர் கண்ணுக்குத் தெரிந்தபோது பியோண்டியே முதல்வர். அங்கேதான் நாம் மேலே சொன்ன சிக்கல் வந்தது. பியோண்டியின் கைகள் இரண்டு வீச்சுகளுக்கு இடையே இருந்தன. சுவர் சற்றுத் தள்ளி இருந்தது. அவர் இன்னொரு வீச்சைப் போடாமல், கைகளை நீட்டியபடி வழுக்கிச் சென்றார். நெஸ்டியோ தம் கடைசி வீச்சை முழு வேகத்தோடு வீசிச் சுவரில் மோதினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்! நேரப் பலகையில் நெஸ்டியின் பெயருக்கு எதிரே 1 என்ற எண் தோன்றியது. 53.00 வினாடி; அது புதிய ஒலிம்பிக் சாதனை. பிரிட்டனின் ஆண்டி ஜேம்சன் வெண்கலம் பெற்றார். சுரினாம் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கம் அது, அதுவும் தங்கம். ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முதல் கறுப்பு இன ஆண் வீரரும் அவரே. தோற்ற பியோண்டி, நகத்தைச் சற்று நீளமாக வளர்த்திருந்தால் வென்றிருப்பேனோ என்ற பொருள்பட நகைச்சுவையாகப் பேசியதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. 100 மீட்டரை 53 வினாடியில் கடப்பவர் ஒரு வினாடியில் சற்றேறக்குறைய 1.9 மீட்டர் செல்கிறார். அப்படியானால் நூற்றில் ஒரு பங்கு வினாடியில் செல்வது 1.9 சென்டிமீட்டர். நம் கட்டை விரலின் அகலம்தான்!

அளந்தது யார்?

கட்டை விரல் அகலத்தை எட்டு பேர் கிளப்பும் நுரைக்கும் அலைக்கும் நடுவே எந்தக் கண் பார்க்கும்? மனிதக் கண்ணால் இயலாது என்பதற்கு ஒரு வரலாறே சான்று. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடவர் 100 மீட்டர் ஃப்ரீ ஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒன்றாகச் சுவரைத் தொட்டனர். கையில் கடிகாரம் வைத்திருந்த மூவர் லார்சனுக்குக் கணித்த நேரம், டெவிட்டுக்கு வேறு மூவர் கணித்த நேரத்தைவிடக் குறைவாக இருந்தது. கண்ணால் பார்த்துத் தீர்ப்பளிக்கும் நடுவர்களின் கருத்தோ பிளவுபட்டது. முடிவில் டெவிட்டுக்கே தங்கம் என்று தீர்ப்பாயிற்று. கடிகாரம் ஒன்று சொல்ல, தீர்ப்பு வேறொன்று சொன்னது. லார்சனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இத்தகைய குழப்பத்தை நீக்கவே, சுவரில் மெல்லிய தட்டு ஒன்றைப் பொருத்தும் முறை வந்தது. 'டச் பேட்' என்று இதற்குப் பெயர். கை பட்டு அழுத்தியதும் மின்னோட்டம் கடிகாரத்தை நிறுத்திவிடும். அலை மோதினால் நிற்காது. கை நன்றாக அழுத்தினால்தான் நிற்கும். 1968 ஒலிம்பிக் முதல் இது பயன்பட்டு வருகிறது. இதற்கு நாடு தெரியாது, நிறம் தெரியாது, யார் பேர்பெற்றவர், யார் புதியவர் என்பதும் தெரியாது. சியோலில் நெஸ்டிக்கு நீதி வழங்கியது இந்தத் தட்டுதான்.

அப்படியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அளந்தும் பார்த்தார்கள். 1972இல் மியூனிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னர் லார்சன் 4 நிமிடம் 31.981 வினாடியிலும், அமெரிக்காவின் டிம் மெக்கீ 4 நிமிடம் 31.983 வினாடியிலும் முடித்தனர். ஆயிரத்தில் இரண்டு பங்கால் லார்சனுக்குத் தங்கம். அந்த வேகத்தில் அது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் எந்தக் கொத்தனாராலும் எட்டுத் தடங்களையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்தில் கட்ட இயலாது. குளமே அவ்வளவு துல்லியமாக இல்லாதபோது, கடிகாரம் மட்டும் துல்லியம் காட்டுவது நீதியாகாது. ஆகவே பின்னர் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலும் சமமாக வந்தால் பதக்கத்தை இருவருக்கும் வழங்குவது என்று முடிவாயிற்று. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீ ஸ்டைலில் அமெரிக்காவின் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைஃபர் ஆகிய இருவரும் 55.92 வினாடியில் முடித்து, இருவருமே தங்கம் பெற்றனர். 2016இல் ரியோ டி ஜெனிரோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் தங்கம் வெல்ல, அவருக்குப் பின் மூவர் 51.14 என்ற ஒரே நேரத்தில் வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டனர். தன்னால் எவ்வளவு அறியமுடியும் என்பதைத் தெரிந்து அவ்வளவோடு நிற்பதும் அறிவின் ஒரு பகுதிதான்.

அதே பாடம், அதே மனிதருக்கு

சியோலில் நடந்தது ஒருமுறை நேர்ந்த தற்செயல் என்று எண்ணிவிட வேண்டாம். இருபது ஆண்டுகள் கழித்து, 2008இல் பீஜிங்கில் அதே போட்டி, அதே முடிவு. அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50 மீட்டரில் திரும்பும்போது எட்டு பேரில் ஏழாவதாக இருந்தார். முதலில் திரும்பியவர் செர்பியாவின் மிலோரட் சாவிச். இருவருக்கும் இடையே 0.62 வினாடி. திரும்பி வரும்போது ஃபெல்ப்ஸ் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். ஆயினும் சுவர் அருகே சாவிச்சே முன்னே இருந்தார். சாவிச் கைகளை நீட்டி வழுக்கினார். ஃபெல்ப்ஸ் அரை வீச்சு ஒன்றைக் கூடுதலாகப் போட்டார். அந்த அரை வீச்சால் தாம் தோற்றோம் என்றே அவர் அந்தக் கணத்தில் எண்ணினாராம்! பலகையில் தெரிந்தது வேறு: ஃபெல்ப்ஸ் 50.58; சாவிச் 50.59. செர்பிய அணியினர் முறையிட்டனர். படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்து, முறையீடு தள்ளப்பட்டது. அந்த ஒலிம்பிக்கில் ஃபெல்ப்ஸ் வென்ற ஏழாவது தங்கம் அது. ஸ்பிட்ஸின் சாதனைக்கு அது சமமாயிற்று.

அத்துடன் கதை முடிந்திருந்தால், 'பெரியவர்கள் கடைசிவரை விடமாட்டார்கள்' என்று ஒரு வரியில் நாமும் முடித்திருக்கலாம். ஆனால் 2012இல் லண்டனில் வந்தது இன்னொரு போட்டி. இது 200 மீட்டர் பட்டாம்பூச்சி. ஃபெல்ப்ஸுக்கு மிகவும் கைவந்த போட்டி. கடைசி மீட்டர் வரை அவரே முன்னே இருந்தார். தென் ஆப்பிரிக்காவின் சாட் லே க்ளோஸ் என்ற 20 வயது இளைஞர் பின்தொடர்ந்து வந்தார். ஃபெல்ப்ஸையே தம் முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். சுவர் அருகே வந்ததும் ஃபெல்ப்ஸ் வழுக்கினார். லே க்ளோஸ் வீசினார். லே க்ளோஸ் 1 நிமிடம் 52.96 வினாடி. ஃபெல்ப்ஸ் 1 நிமிடம் 53.01 வினாடி. நூற்றில் ஐந்து பங்கு!

பீஜிங்கில் உலகத்துக்கே பாடம் நடத்தியவர், லண்டனில் அதே பாடத்தில் தோற்றார். இதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. கடைசி வீச்சு என்பது ஒருமுறை கற்றுச் சேமித்து வைத்துக்கொள்ளும் பொருள் அன்று. ஒவ்வொரு போட்டியிலும் புதிதாகத் தேடிப் பெறவேண்டியது. முன்பு வென்றவருக்கும் சுவர் விட்டுக்கொடுப்பதில்லை.

அதிர்ஷ்டமா, உழைப்பா?

இனி நம் மூன்றாவது கேள்விக்கு வருவோம். கட்டை விரல் அகலத்தில் கிடைத்த வெற்றி அதிர்ஷ்டம்தானே என்று சிலர் சொல்லலாம். ஒரு வகையில் உண்மை. சுவர் சற்றுத் தள்ளி இருந்திருந்தால் பியோண்டியின் வீச்சும் சரியாக விழுந்திருக்கலாம். ஆனால் அந்த விரலகல இடத்துக்கு வந்து சேர்வதற்கு நெஸ்டி கடந்துவந்த 99 மீட்டர் 98 சென்டிமீட்டரை நாம் மறந்துவிடக் கூடாது. 21ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வர நான்கு ஆண்டுகள், வீட்டையும் நாட்டையும் விட்டுத் தொலைவில், விடியுமுன் எழுந்து குளத்தில் இறங்கிய நாட்கள் அவருக்குப் பின்னே இருந்தன. அவை இல்லாமல் அதிர்ஷ்டம் அவரைத் தேடி வந்திருந்தாலும், அவரை அந்த இடத்தில் கண்டிருக்காது.

வெற்றிக்குப்பின் சுரினாம் நாடு அவரைக் கொண்டாடியது. அவர் பெயரில் தபால் தலையும் நாணயமும் வெளிவந்தன. தலைநகர் பரமாரிபோவில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கியது. 1991இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியிலும் இதே பட்டாம்பூச்சியில் அவர் தங்கம் வென்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். பின்பு பயிற்சியாளரானார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற பாபி ஃபிங்கி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்க ஆடவர் நீச்சல் அணிக்கு நெஸ்டியே தலைமைப் பயிற்சியாளர். கறுப்பு இனத்தவர் மிதக்கமாட்டார் என்று தொலைக்காட்சியில் பேசப்பட்ட அதே நாடு, தன் வீரர்களை அவர் கையில் ஒப்படைத்தது. எவ்வளவு பெரிய மாற்றம்!

பியோண்டியையும் குறைவாக எண்ண வேண்டாம். சியோலில் அவர் மற்றப் போட்டிகளில் ஐந்து தங்கம் வென்றார். மொத்தம் ஏழு பதக்கங்களுடன் வீடு திரும்பினார். ஒரு விரலகலத்தில் தோற்றவர் தோல்வியாளர் ஆகிவிடுவதில்லை. தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றதால் அவர் பெருமை கூடிற்றே அன்றிக் குறையவில்லை.

அன்புத் தோழியரே, நம்மில் பெரும்பாலோர் ஒலிம்பிக் குளத்தைக் காணப் போவதில்லை. ஆயினும் நமக்கும் சுவர்கள் உண்டு. தேர்வு மண்டபத்தில் எல்லாம் எழுதியாயிற்று என்று பேனாவை மூடிவைத்து, மீதிப் பத்து நிமிடத்தைச் சன்னலைப் பார்த்துக் கழிப்பதும் ஒருவகை வழுக்கல்தான். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தால், விட்டுப்போன ஒரு குறியோ ஒரு கூட்டலோ கண்ணில் படும். பத்துக் கன்னியர் உவமையை ஞானோபதேச வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். பத்துப் பேரும் விளக்கோடுதான் புறப்பட்டார்கள். பத்துப் பேரும் வழி நெடுகக் காத்திருந்தார்கள். ஐவரின் எண்ணெய் தீர்ந்தது கடைசி நேரத்தில்தான். புனித சின்னப்பரும் தம் வாழ்வை ஓர் ஓட்டத்துக்கு ஒப்பிட்டபோது, தொடங்கியதைப் பற்றிப் பெருமை பேசவில்லை. முடித்ததைப் பற்றியே மகிழ்ந்து எழுதினார்.

நெஸ்டிக்கு இறைவன் தந்தது ஒரு சிறிய நாடு, ஒரே ஒரு குளம், உயரம் குறைந்த உடல். பியோண்டியோடு ஒப்பிட்டால் அது குறைந்த தாலந்து. அதை அவர் புதைத்து வைக்கவில்லை, சுவர்வரை கொண்டுசென்றார். நம் கையில் தரப்பட்டிருப்பதும் சிறிதாக இருக்கலாம். அதைக் கடைசி விரலகலம்வரை செலுத்துவது நம் பொறுப்பு. தொட்ட பிறகு ஓய்வெடுக்க நேரம் நிறைய உண்டு.